கப்பக்காரிக்குக் கண்ணத் தொறந்த கதை

அட, நான் எதுக்குச் சிரிச்சேன்னா கேக்குற? இப்ப நாம வந்த டவுன் பஸ்ஸு பள்ளிக்கூடத்துக்கிட்ட வந்தவுடனே கண்டக்டரு சீட்டுக் கிழிக்கிறத விட்டுட்டு, செவத்தப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாரா இல்லையா? அதுக்குத்தேன். பாவம் மனுசன், இன்னும் விடமாட்டேங்குறாரு. நீ இந்தத் தெருவுக்குக் குடிவந்து மூணு மாசந்தான ஆகுது, உனக்கு எங்கிட்டுத் தெரியும். உக்காரு புள்ள. அந்த மொளகா வத்தல மிதிச்சுப்புடாம இப்பிடி வந்து உக்காரு. பத்திரிகைக்கு ஏதோ அனுபவம் எழுதிப் போடணும்னு சொன்னேல்ல, இத எழுதிக்க. எனக்குக் கைநாட்டு, நான் சொல்லத்தேன் முடியும். பேரு மட்டும் ஒருத்தர் பேரும் வரப்படாது. எங்க நாத்தனா காதுக்குப் போச்சுன்னா வெத்தலப் பெட்டியத் தூக்கி என் தலையில போட்டுருவா.

போன ஆவணிக் கடைசியில நடந்தது. உசிலம்பட்டியிலருந்து பேரையூரு போற பாதையில நம்ம ஊருப் பொம்பளப்புள்ளைக பள்ளிக்கூடம் இருக்குல்ல, அதோட பக்கச் செவத்துலதேன் எல்லாமே.

எம் மருமக டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடத்துச் செவருகள்ல படம் வரையுறது அவ தொழிலு. எம் மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுறான், இவ அந்த ஆட்டோ மேலயே ஏணியக் கட்டிக்கிட்டு ஊரு ஊராப் போவா. பொண்ணு பாக்கப் போனப்ப எனக்குப் புடிக்கல, அது வேற கதை. நகத்துக்குள்ள பச்சப் பெயிண்டோட காப்பி கொண்டாந்து குடுத்தா. சரி அத விடு. மாம்பழம், ஒட்டகச்சிவிங்கி, தேசப்படம், வாய்ப்பாடுன்னு பள்ளிக்கூடத்துல குடுக்குற தாள்ல என்ன இருக்கோ அத வரையணும். ஒரு ஊர்ல ஒட்டகத்துக்குக் கொஞ்சூண்டு சிரிப்பு வச்சுட்டான்னு அழிச்சு மறுபடி வரையச் சொல்லிட்டாகளாம். அம்புட்டுதேன் அவ சொந்தப் புத்திக்கு எடம்.

நம்ம பெரிய டீச்சரு மட்டும் தாள் எதுவும் குடுக்கல. பக்கச் செவரு பூராவும் உனக்குத்தாம்மா, ஒரே ஒரு பொம்பளைய வரை, எம் புள்ளைக பாத்தவுடனே நிமிரணும், யாருங்கிறது உன் இஷ்டம்னு சொல்லிட்டாக. பத்து வருசமா அடுத்தவுக சொன்னத வரைஞ்ச கைக்கு மொத மொத சொந்தமா ஒரு செவரு. வீட்டுக்கு வந்தவ சோத்துல தண்ணிய ஊத்துறதுக்குப் பதிலா தண்ணியில சோத்தப் போட்டுத் தின்னுக்கிட்டு இருந்தா, அம்புட்டுக் கனா.

நான் யோசனை சொன்னேன். வாளு வச்ச ராணி வரை, இல்லாட்டி ஊசி போடுற டாக்டரம்மா வரைன்னேன். 'இல்லத்தே, கப்பக்காரிய வரையப் போறேன்'னா.

கப்பக்காரின்னா யாருங்கிற? ஆகாசக் கப்பல ஓட்டுறவ, ஒரு கதையில வாரவ. நெசத்துல கெடையாது, இன்னும் வராத காலத்துக் கதை. மருமக சின்னப்புள்ளையில அட்டை கிழிஞ்ச புஸ்தகத்துல படிச்சது, இப்ப எம் பேத்திக்குச் சோறு ஊட்டுறப்பல்லாம் அதத்தேன் சொல்லுவா. பேத்தி அஞ்சாப்பு படிக்குது, இன்னும் ஊட்டணும். நானும் காதக் குடுத்துக்கிட்டே கெடப்பேன்.

கதை என்னன்னா, பூமியில தண்ணி வத்திப்போகுது. நம்ம கண்மாய் சித்திரையில கெடக்குமே, அப்பிடி ஒலகம் பூராவும். சனமெல்லாம் ஆகாசத்துல போற கப்பல்ல ஏறி, நட்சத்திரத்துக்கு அங்கிட்டு வேற மண்ணு தேடிப் போறாக. தூரம் சாஸ்தியா, அதுனால அம்புட்டுப் பேரையும் தூங்கப் போட்டுருவாகளாம். முழிச்சிருந்து ஓட்டுறவ ஒருத்திதேன். அம்புட்டு வருசம் தனியா இருந்தா அவளுக்குச் சோறு யாருடி பொங்குறதுன்னு நான் கேட்டேன். குறுக்க பேசாத அப்பத்தான்னு பேத்தி வாயப் பொத்திட்டா. ஒரு எடத்துல கப்பலு மிசினு இங்கிட்டுத் திருப்புங்குது. இவ, எனக்குத் தெரியாததாக்கும்னு அங்கிட்டுத் திருப்பிப்புட்டா. பாதை தப்பிப்போச்சு. பாத்த ஆளு ஒருத்தரும் இல்ல, அம்புட்டும் ஒறக்கம். மறைச்சிருந்தா யாருக்குத் தெரியும்? அவ மறைக்கல. தூங்குறவுகள எழுப்பி, 'நாந்தேன் தப்பாத் திருப்புனேன், என் தலைக்கனம்தேன், இனி என்ன செய்யலாம்னு சேந்து யோசிப்போம்'னு சொன்னா. வஞ்சாக, கத்துனாக, அப்புறம் எல்லாருமாச் சேந்து கப்பலத் திருப்பிக் கரை சேத்தாக. புது மண்ணுல மொதக் கால வச்சவ அவதேன்.

அந்தக் காலு வைக்கிற நேரத்தத்தேன் மருமக வரைஞ்சா. ஒன்பது நாளு. ரெண்டாளு ஒசரம். வெள்ளைச் சட்டை, முட்டு வரைக்கும் பூட்ஸு, கக்கத்துல கண்ணாடித் தொப்பி. முடியக் கத்தரிச்சு விட்டுருந்தா. கன்னத்துல ஒரு பிளாஸ்திரி, கையெல்லாம் மிசினு கரி. நெறம் நம்ம கரிசக்காட்டு நெறம். பின்னாடி கப்பலு, அதுக்கும் பின்னாடி நட்சத்திரம். சந்தைக்கு மாடு பத்திட்டுப் போறவுக மாட்ட விட்டுட்டு நின்னு பாத்தாக, மாடு பாட்டுக்கு முன்னாடி போயிருச்சு.

இப்பத்தேன் நான் பண்ணுன கூத்து வருது.

கடைசி நாளு சனிக்கெழமை. நான் தூக்குவாளியில கம்மங்கூழு கொண்டு போனேன். பாத்தா மூஞ்சி முச்சூடும் முடிஞ்சிருக்கு, கண்ணு மட்டும் இல்ல. வெறும் குழி. இவ ஏணியில ஏறுறா கண்ணு வைக்க. நான் தூக்குவாளியக் கீழ வச்சுட்டேன். எங்க அம்மா வீட்டு ஊர்ல மண்ணுல சாமி செஞ்சு எடுக்குறப்ப, கண்ணு தொறக்குறதக் கடைசியாத்தேன் செய்வாக. தொறந்தவுடனே எதுக்க ஒரு ஆளு நிக்கப்படாது. மொதப் பார்வைக்கு அம்புட்டு வேகம். கண்ணாடியக் காட்டி, அது மொகத்த அதுவே பாத்துக் குளுந்த பெறகுதேன் சனம் முன்னாடி போகும். இங்க எம் மருமக மூக்குக்கு நேரா நின்னு கண்ணத் தொறக்குறா! போன வருசந்தேன் ஏணியிலருந்து விழுந்து கை முறிஞ்சு, உள்ள தகடு வச்சிருக்கு. இதெல்லாம் சொன்னா சிரிப்பா. நான் சொல்லல.

அவ வேல முடிஞ்சு பிரஷ்ஷக் கழுவ அடிபம்புக்குப் போனா. நான் ஓட்டமா வீட்டுக்கு வந்தேன். எம் மகன் சவரம் பண்ற கண்ணாடி, எலுமிச்சம்பழம், தேங்கா, சூடம், கொஞ்சம் மஞ்சப்பொடி, எல்லாத்தையும் முந்தியில சுருட்டிக்கிட்டு, அவ அங்கிட்டு வீட்டுக்குக் கெளம்புன பெறகு போனேன். கண்ணாடியத் தூக்கிக் காட்டுனேன். பழத்த வெட்டிப் போட்டேன். தேங்கா ஒடைச்சேன், சூடங் கொளுத்துனேன். பூட்ஸு மேல மஞ்சக் கையோட தொட்டு, 'தாயி, எம் மருமகளப் பத்தரமாப் பாத்துக்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பூட்ஸுக்கு அப்பத்தேன் கடைசிப் பூச்சு பூசியிருந்திருக்கா. ஈரம் எனக்கு எங்க தெரிஞ்சது.

அம்புட்டோட போயிருந்தா ஒண்ணுமில்ல புள்ள. மறுநாளு மத்தியானம் மழை கொட்டிருச்சு.

நம்ம பக்கம் வானம் பாத்த பூமி. ஆடி பூராவும் ஒரு சொட்டு இல்ல. விதைச்சது காயுது, மாட்டுக்குத் தீவனம் இல்ல. அப்பிடி இருக்கையில கண்ணத் தொறந்த மறுநாளே மழை வந்தா ஊரு என்ன சொல்லும்? எதுத்த டீக்கடைக்கு வந்தவுக ஒடைச்ச தேங்காமூடியப் பாத்திருக்காக, வெட்டுன பழத்தப் பாத்திருக்காக. முடிஞ்சது. 'ஆகாசத்துலருந்து ஒரு ஆத்தா எறங்கியிருக்கா'ன்னு கெளம்பிருச்சு பேச்சு.

திங்கக்கெழம வெள்ளனப் போயிப் பாக்குறேன், அங்க எட்டு அடுப்புல பொங்க பொங்குது! கப்பக்காரி பூட்ஸுல வேப்பங்கொலை கட்டியிருக்கு. கண்ணாடித் தொப்பிக்கு ஏணி போட்டு ஏறிப் பொட்டு வச்சிருக்காக. வெளக்கு ஏத்தி ஏத்திக் கீழ்ப்பக்கம் பூராவும் கரி. எவனோ சாக்பீஸால அவ கையில சூலம் வேற வரைஞ்சுட்டான். நடுவுல எங்க நாத்தனா, எம் புருசனோட கூடப்பொறந்தவ, தலைய விரிச்சுப் போட்டு ஆடுறா. 'வந்துருக்கேண்டா, மேலேருந்து வந்துருக்கேண்டா'ன்னு அவ போட்ட சத்தத்துல, உள்ள பாடம் நடத்துன டீச்சரு பாடத்த நிறுத்திட்டாக. எம் புருசன் செத்தப்பக் கூட அவ அம்புட்டுச் சத்தம் போடல.

பெரிய டீச்சரு மருமகளக் கூப்புட்டு விட்டாக. அவுக மேல தப்பில்ல. 'எல்லாச் சாமி கும்புடுற புள்ளையும் படிக்கிற எடம்மா இது. பள்ளிக்கூடச் செவரு கோயிலாக முடியாது. புதங்கெழமைக்குள்ள இது நிக்கலைன்னா நானே சுண்ணாம்பு அடிக்கணும். எனக்கு மனசு இல்லம்மா'ன்னு சொல்றப்ப அவுக கண்ணே கலங்கிருச்சாம்.

மருமக வீட்டுக்கு வந்து செவத்துல சாஞ்சு உக்காந்தவதேன், எந்திரிக்கல. யாரு தேங்கா ஒடைச்சாகன்னு தெரியலையேத்தேன்னு எங்கிட்டயே கேக்குறா. ஒடைஞ்ச தேங்காமூடி மட்டும் சாட்சி, எம் பேரு அதுல எழுதியிருக்கா என்ன? நான் பாட்டுக்கு மொறத்துல அரிசியப் பொடைச்சுக்கிட்டே இருந்தேன். பொடைச்ச அரிசியவே மறுபடி பொடைச்சேன். மூணாந்தடவ பொடைக்கிறேன், பொடைக்க ஒரு உமி இல்ல. அப்பத்தேன் அந்தக் கப்பக்காரி ஞாபகம் வந்தா. அம்புட்டுப் பேரும் தூங்குறாக, பாத்த ஆளு இல்ல, அவ என்ன செஞ்சா? சீ, ஆகாசத்துல தனியாக் கெடந்தவளுக்கு இருந்த நெஞ்சு, நாலு பேத்தோட வாழுற எனக்கு இல்லையான்னு மொறத்தக் கீழ வச்சேன்.

'நாந்தேன் ஆத்தா'ன்னு எல்லாத்தையும் சொன்னேன். சவரக் கண்ணாடி வரைக்கும்.

வைவான்னு பாத்தேன். வையல. அப்புறம் சொன்னா பாரு, அது இன்னும் காதுலயே நிக்குது. 'சாமியாக்கிட்டீகன்னா எட்ட நின்னு கும்புடத்தேன் முடியும்த்தே. நானும் இவள மாதிரி ஆவேன்னு ஒரு புள்ள சொல்லுமா? அதுக்காகத்தான வரைஞ்சேன்.'

அம்புட்டுதேன். நான் எந்திரிச்சு முந்தியச் சொருகுனேன். நீ இரு, நான் கட்டுன முடிச்ச நானே அவுக்குறேன்னு சொல்லிட்டு செவாக்கெழம காலையில கெளம்பிட்டேன். அவளும் பின்னாடியே வந்தா.

மொதல்ல நல்லதனமாத்தேன் பேசுனேன். பொம்பளைகளப் பாத்து, 'இவ சாமி இல்ல, கதையில வாரவ'ன்னேன். யாரு கேக்குறா? 'சாமிக்குக் கன்னத்துல பிளாஸ்திரி எதுக்குடி'ன்னு கேட்டேன். 'அரக்கனோட சண்ட போட்ட காயம்'னு ஒருத்தி. 'பூட்ஸு போட்ட சாமி எங்கயாச்சும் உண்டா'ன்னேன். 'ஏன், நம்ம காவச்சாமி கருப்பு செருப்புப் போடல? ஆளு ஒசரத்துக்குச் செஞ்சு நேந்து வைக்கிறமே'ன்னு எங்க நாத்தனா பாயிண்டப் புடிச்சா. அவ சொன்னதுல தப்பு இல்லையே! கப்பல வாகனம்னுட்டாக, தொப்பியக் கிரீடம்னுட்டாக. எதக் கேட்டாலும் பதிலு இருக்கு. நானும் இத்தன வருசம் அதே பதிலச் சொல்லி வளந்தவதான.

மருமக என் சேலையப் புடிச்சு இழுக்குறா, விடுங்கத்தே, போவோம்னு. சுண்ணாம்புச் சட்டி வேற ஓரத்துல தயாரா நிக்குது, அதப் பாத்துட்டா. அவ மூஞ்சியப் பாத்தவுடனே எனக்கு அந்த ரோசனை வந்துச்சு.

கோயிலு வேலை செய்யிறப்ப சாமிய என்ன செய்வாக? கும்பத்துல எறக்கி வேற எடத்துல வைப்பாகல்ல? வாதாடி அனுப்ப முடியாத சாமிய மருவாதையா அழைச்சுட்டுப் போகலாமே!

டீக்கடைப் பெஞ்சு மேல ஏறி நின்னேன். இந்த வயசுல. 'எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கண்ணத் தொறந்தது நாந்தேன். கண்ணாடி காட்டுனதும் நாந்தேன், தேங்கா ஒடைச்சதும் நாந்தேன். யாருகிட்டயும் கேக்காம, பள்ளிக்கூடம்னும் பாக்காம செஞ்சேன், தப்புதேன். அழைச்சவளுக்குத்தேன் எறக்கிக் கூட்டிப் போற உரிமை. இல்லைங்கிறவுக இப்பச் சொல்லுங்க.' ரெண்டு பேரு தலைய ஆட்டுனாக. முறைன்னு வந்துட்டா நம்ம சனம் மீறாது, அது எனக்குத் தெரியும்.

நாத்தனா மட்டும் முறைச்சா. நான் அவ பக்கம் திரும்பி, 'மதினி, ஆத்தாளுக்குப் பள்ளிக்கூட மணிச் சத்தம் ஆகுமா? கண்மாய்க்கரை அம்மன் கோயிலுக்குப் போவோம். நீதேன் வேப்பங்கொலையோட முன்னாடி வரணும், நீ இல்லாம நடக்குமா'ன்னேன். அவ மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு பாரு! 'அப்ப மேளம் வேணும்'னா. 'மேளமும் உண்டு'ன்னேன். விரிச்ச தலைய அள்ளி முடிஞ்சுட்டா.

செம்புல தண்ணி எடுத்து, மாவெலை வச்சு, செவத்துக்கிட்டக் காட்டி, தாயி எறங்கி வான்னு மூணு தடவ கூப்புட்டேன். தலையில வச்சுக்கிட்டு நடந்தேன். நாத்தனா முன்னாடி, மேளம் பின்னாடி, பொங்கப் பானையெல்லாம் அதுக்குப் பின்னாடி. கண்மாய்க்கரையில அம்மனுக்கு எதுத்தாப்ல இருக்குற வேப்பமரத்து மூட்டுல ஊத்துனேன். ஊரு பூராவும் கொலவை போட்டுச்சு. இன்னைக்கும் அந்த மரத்துக்கு எங்க நாத்தனாதேன் வெள்ளிக்கெழம வெளக்குப் போடுறா. சண்டையில்ல, சச்சரவில்ல.

ஏமாத்திட்டேன்னு நெனைக்காத புள்ள. செம்புல என்ன இருந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா செவரு லேசான மாதிரி இருந்துச்சு.

சாயங்காலம் மாமியாளும் மருமகளும் வாளி, துணியோட போயி கரியத் தொடைச்சோம். பொட்டு போச்சு, சூலம் போச்சு, வெளக்குக் கரி போச்சு. பூட்ஸு மேல எம் மஞ்சக் கை மட்டும் போகல. ஈரத்துல பதிஞ்சதுல்ல, உள்ள எறங்கிருச்சு. நான் தேய்ச்சேன், தேய்ச்சேன், தோலு உரியுற மட்டும் தேய்ச்சேன். மருமக என் கையப் புடிச்சு நிறுத்திட்டா. சின்ன பிரஷ்ஷ எடுத்து அந்த மஞ்சளச் சுத்தி நாலு இழுப்பு இழுத்தா, அங்கிட்டும் இங்கிட்டும் தூவி விட்டா. இப்பப் பாத்தா பூட்ஸுல ஒட்டுன புழுதி மாதிரியே இருக்கு. 'என்னாத்தா இது'ன்னேன். 'அந்தப் புது மண்ணோட புழுதித்தே'ன்னா. பாத்துக்க, நட்சத்திரத்துக்கு அங்கிட்டு இருக்குற மண்ணுக்கு எங்க வீட்டு மஞ்சப்பொடி!

புதங்கெழம பெரிய டீச்சரு வந்து பாத்துட்டு, சுண்ணாம்புச் சட்டிய அடுப்படிச் செவத்துக்கு அனுப்பிட்டாக. மருமகளுக்கு இப்ப மூணு பள்ளிக்கூடத்துல இருந்து ஆளு வந்திருக்கு, தாளு இல்லாம வரையச் சொல்லி.

இப்பவும் அந்தப் பக்கமாப் போனேன்னா புள்ளைகளப் பாக்குறேன். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வரிசையா நின்னு கப்பக்காரி பூட்ஸோட ஒசரம் அளக்குதுக. எம் பேத்தி இப்ப அவ முட்டுக்கு மேலயே வந்துருச்சு. ஒண்ணாப்புப் புள்ள ஒண்ணு, மூக்கு ஒழுகுது, அதத் தொடைக்கத் தெரியல, சோத்து டப்பாவத் தொப்பி மாதிரி கக்கத்துல இடுக்கிக்கிட்டு அவள மாதிரியே நிக்குது. 'என்னடி'ன்னேன். 'நான் கப்ப ஓட்டுவேன், நீ தூங்கு'ங்குறா எங்கிட்ட! அன்னைக்குப் பூராவும் எனக்குச் சிரிப்பு அடங்கல.

எனக்கும் பழக்கதோசம், செவரு கிட்ட வந்தவுடனே கை தானாக் கும்புடத் தூக்கும். பாதியில எறக்கிட்டு, நிமிந்து அவ கண்ணுக்கு நேரா ஒரு பார்வை பாத்துட்டுத்தேன் போறேன். நான் பண்ணுன தப்ப நாலு பேரு முன்னாடி நானே சொல்லிட்டவ, அவளுக்கு எதுக்க நிக்க எனக்கு என்ன பயம்?

அடியாத்தி, தூறலு விழுதே! எந்திரி, எந்திரி, அந்தப் பாய் முனையப் புடி, வத்தல வெரசா அள்ளணும். அப்பிடியே ஓடிப்போயி எங்க நாத்தனாகிட்டச் சொல்லிரு புள்ள, இந்த மழைக்கும் கப்பக்காரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு!